பத்தாண்டுத் தடையை விட்டுவிட்டு அந்தத் தாயை எடை போட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் 'லா மிஸ்மா லூனா' படத்தைப் பற்றி வந்த கட்டுரை தொடர்பாக இந்தக் கடிதம். மகன் கார்லிட்டோஸை மெக்சிகோவில் பாட்டியிடம் விட்டுவிட்டு, அனுமதியில்லாமல் லாஸ் ஏஞ்சலஸில் வேலை செய்யும் தாய் ரொசாரியோவின் கதை அது. பட்ரீசியா ரிக்கன் இயக்கி 2007இல் வெளிவந்த அந்த மெக்சிகோப் படத்தைக் கட்டுரையாளர் ரசித்தே எழுதியிருக்கிறார். நடிப்பு, இசை பற்றி அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கதையை மூன்று இடங்களில் இடிக்கிறார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட மகனைப் பார்க்க ஊருக்குப் போகாதவள் என்ன தாய் என்கிறார். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பாக்கோவை ரொசாரியோ மணந்திருந்தால் சிக்கல் அன்றே தீர்ந்திருக்கும் என்கிறார். ஒன்பது வயதுப் பையன் தாய்க்குத் தெரியாமல் தானே கிளம்புவது திரைக்கதை வசதி என்கிறார். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தோடு புழங்குகிறவர்களுக்கு இவை மூன்றும் குறைகளாகத் தெரியாது. படத்தில் மிகச் சரியாக அமைந்த இடங்களே இவைதான்.

ஊருக்குப் போகாததை முதலில் எடுத்துக்கொள்வோம். 1996 செப்டம்பர் 30 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் தங்கிவிட்டு நாட்டைவிட்டுத் தானாக வெளியேறியவர் 3 ஆண்டு திரும்ப நுழைய முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு அதே தடை 10 ஆண்டு. இந்த நாள்கணக்கு 1997 ஏப்ரல் 1 முதல் ஓடத் தொடங்கியது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு ஓடாது. இதில் வெளியார் பலருக்குப் பிடிபடாத சூட்சுமம் ஒன்று உண்டு. உள்ளேயே இருக்கும்வரை இந்தத் தடை அவரைத் தொடுவதில்லை. எல்லையைத் தாண்டி வெளியே கால் வைத்த நொடியில்தான் அது உயிர்பெறுகிறது. நான்கு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுவேலை செய்த ரொசாரியோ, மகனை ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம் என்று மெக்சிகோ எல்லை நகரான டிஹுவானாவில் பஸ்ஸைவிட்டு இறங்கினாலே பத்தாண்டுத் தடை விழுந்துவிடும்.

தடையை மதிக்காமல் மறுபடி ஒளிந்து நுழைந்தால் என்ன ஆகும்? அதற்கு இன்னொரு பிரிவு. மொத்தமாக ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்தவர் வெளியேறி, மீண்டும் சோதனையைத் தவிர்த்து நுழைந்தாலோ நுழைய முயன்றாலோ ஆயுள் தடை. அதை நீக்கக் கேட்டு மனுப்போடவே பத்தாண்டு வெளியில் இருந்தாக வேண்டும். மனு ஏற்கப்படும் என்ற உறுதியும் கிடையாது. ஆக, ஒரு முறை பிறந்தநாளுக்குப் போய்வருவதற்கு விலை, சட்டப்படி தங்குவதற்கான பேப்பர் கிடைக்கும் வாய்ப்பு மொத்தத்தையும் பணயம் வைப்பது. எல்லை என்றால் வெளியில் இருப்பவரை உள்ளே வரவிடாமல் தடுப்பது என்றே நாம் நினைக்கிறோம். இந்தத் தாய்க்கு அது உள்ளே வைத்துப் பூட்டுகிற கதவு.

அதற்கு முன்னே நிலைமை வேறு. 1993இல் எல் பாசோவிலும் 1994இல் சான் டியாகோவிலும் எல்லைக் காவலர்களை வரிசையாக நிறுத்தி, நகரங்களை ஒட்டிய பாதைகளை அடைத்தார்கள். அதுவரை மெக்சிகோ ஆண்கள் அறுவடைப் பருவத்துக்குப் போய், பருவம் முடிந்ததும் வீடு திரும்புவது பரவலான வழக்கம். நகரப் பாதை அடைபட்டதும் வழி அரிசோனாப் பாலைவனத்துக்கு நகர்ந்தது. கடத்திவிடும் 'கொயோத்தே'க்குத் தரவேண்டிய கூலியும் உயிராபத்தும் ஏறின. ஒருமுறை இவ்வளவு கொடுத்து வந்தவன் அடுத்த ஆண்டும் கொடுக்க விரும்பவில்லை, திரும்பாமல் தங்கிவிட்டான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மெக்சிகோ ஊர்களில் ஆண்டுக்கணக்கில் எடுத்த கணக்கெடுப்புகள் இதைத்தான் காட்டின. காவல் கூடியபோது வருகிறவர் தொகையைவிடத் திரும்புகிறவர் தொகைதான் கண்கூடாகக் குறைந்தது. பாட்டி வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் தலைமுறை அதன் விளைவு. படத்தின் கார்லிட்டோஸ் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன்.

அடுத்து பாக்கோ. கட்டுரையாளர் மட்டுமல்ல, படம் பார்த்த பெரும்பாலோர் இந்த இடத்தில் இடறுகிறார்கள். குடியுரிமை உள்ளவரை மணந்தால் கிரீன் கார்டு வரும் என்பது பாதி உண்மை. விசாவில் முறையாக நுழைந்து, காலம் கடந்து தங்கிவிட்டவருக்கு அது பொருந்தும். அவர் நாட்டுக்குள் இருந்தபடியே தன் குடியேற்ற நிலையை மாற்றிக்கொள்ளலாம். எல்லையில் சோதனையில்லாமல் நுழைந்தவருக்குப் பொதுவாக அந்த வழி இல்லை. பழைய விதிவிலக்கு ஒன்று உண்டு. அதற்கு அவர் பெயரில் குடும்ப மனுவோ வேலை மனுவோ 2001 ஏப்ரல் 30க்குள் பதிவாகியிருக்க வேண்டும். அப்போதும் 1,000 டாலர் அபராதம் கட்டியாக வேண்டும். படம் வந்த காலத்தில் நான்கு ஆண்டுக்கு முன் வந்தவள் ரொசாரியோ. அவளுக்கு அந்தத் தேதி கடந்தே போயிருந்தது.

அப்படியானால் திருமணத்துக்குப் பின் அவள் செய்ய வேண்டியது என்ன? பாக்கோ மனைவிக்காக ஐ-130 என்ற குடும்ப மனுவைப் போடுவார். அது ஏற்கப்பட்டதும் கோப்பு மெக்சிகோ எல்லை நகரான சியுதாத் ஹுவாரெஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகும். மெக்சிகோக்காரர்களின் குடியேற்ற விசாக்களை அங்குதான் பார்க்கிறார்கள். தூதரகம் ஒப்புக்கொண்ட மருத்துவமனையில் உடல்பரிசோதனை, கைரேகை, பிறகு நேர்காணல். நேர்காணலுக்கு ஹுவாரெஸ் போவது என்றால் நாட்டைவிட்டு வெளியேறுவது. வெளியேறியதும் பத்தாண்டுத் தடை! ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி, திருமணம் உண்மையானதே, ஆனாலும் நீங்கள் திரும்ப நுழையத் தகுதியற்றவர் என்று எழுதிக்கொடுப்பார். அதற்கு மேல்தான் தடையிலிருந்து விலக்குக் கேட்கும் மனு. 2007இல் அந்த மனுவை நேர்காணலுக்குப் பிறகே போட முடியும். முடிவு வரும்வரை மாதக்கணக்கில், சிலர் ஓராண்டுக்கும் மேல், ஹுவாரெஸிலோ சொந்த ஊரிலோ காத்துக் கிடந்தார்கள். மறுத்துவிட்டால் பத்தாண்டு அங்கேதான். 2013 மார்ச் முதல் ஐ-601ஏ என்ற படிவம் வந்து, அமெரிக்காவில் இருந்தபடியே விலக்கை முன்கூட்டிக் கேட்க வழி பிறந்தது. படத்தின் காலத்தில் அது இல்லை.

விலக்கு எதன்பேரில் கிடைக்கும் என்பதில்தான் இந்தப் படத்துக்கே உரிய கொடுமை இருக்கிறது. விண்ணப்பதாரர் திரும்ப முடியாவிட்டால் கணவருக்கோ மனைவிக்கோ, தாய் தந்தைக்கோ கடும் இன்னல் நேரும் என்று நிறுவ வேண்டும். அந்த உறவினர் குடியுரிமையோ நிரந்தர வாழ்வுரிமையோ உள்ளவராக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பிள்ளை இல்லை. அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளையே ஆனாலும் அதன் இன்னல் தனியாகக் கணக்கில் வராது; கணவரின் இன்னலைக் கூட்டிக் காட்டத்தான் உதவும். பாக்கோவுக்கு மனைவி இல்லாமல் எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பார்கள், கார்லிட்டோஸுக்குத் தாய் இல்லாதது கேள்வியே ஆகாது. 'பிள்ளையைப் பெற்றுக்கொண்டு அதைச் சாக்காக வைத்துத் தங்கிவிடுகிறார்கள்' என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை. அங்கே பிறந்த பிள்ளை தாய்க்கு மனுப்போட 21 வயது ஆக வேண்டும்; ஆன பிறகும் இதே ஹுவாரெஸ், இதே தடை.

விலக்கு மனுக்கள் எங்கே தோற்கின்றன என்பதும் தெரிந்த கதைதான். 'அவளைப் பிரிந்து வாழ முடியவில்லை' என்று கணவர் எழுதும் கடிதம் மட்டும் போதாது. பிரிவின் துயரம் எல்லாருக்கும் பொது, அது 'கடும்' இன்னல் ஆகாது என்று திருப்பி விடுவார்கள். கணவருக்கு நோய் இருந்தால் மருத்துவ ஏடுகள், மனநல மதிப்பீடு, கடன் கணக்கு, அவர் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தால் அங்கே வேலையும் சிகிச்சையும் கிடைக்காது என்பதற்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். அதாவது படத்தின் காலத்தில் பிரிந்தாலும் இன்னல், கூடப் போனாலும் இன்னல் என இரண்டையும் காட்ட வேண்டியிருந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை விட்டவர்களின் மனுக்கள் விழுந்தன. ஐ-601ஏ வாங்கியவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. அந்த விலக்கு, அனுமதியின்றித் தங்கியதை மட்டுமே மன்னிக்கும். நேர்காணலில் பழைய நாடுகடத்தல் உத்தரவோ, முன்பு எல்லையில் 'நான் அமெரிக்கக் குடிமகள்' என்று பொய் சொன்னதோ வெளிவந்தால் விலக்கு அந்த இடத்திலேயே செல்லாமல் போகும். ஆகையால் பாக்கோவை மறுத்தது காதல் இல்லாததால் மட்டும் என்று படம் காட்டினாலும், அவள் ஒப்புக்கொண்டிருந்தால் அடுத்த ஞாயிறே மகனோடு சேர்ந்திருப்பாள் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது பையன் தனியாகக் கிளம்பும் இடம். அந்தத் திரைக்கதை எழுத்தாளர் சட்டம் தெரிந்து அப்படி எழுதினாரோ, தெரியாமல் அமைந்ததோ, அந்த முடிச்சு விழுந்த இடம் அபாரம். அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டவர் ஒருவரை முறைகேடாக நுழையச் செய்ய ஊக்குவித்தவர், தூண்டியவர், உதவியவர் எவரும் ஆட்கடத்தலில் ஈடுபட்டவராகக் கருதப்பட்டுக் குடியேறும் தகுதியை இழப்பார். லாப நோக்கம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தன் பிள்ளையைக் கூட்டிவர ஒரு கொயோத்தேக்குப் பணம் அனுப்பிய தாயும் இதில் அகப்படுவாள். சொந்தப் பிள்ளைக்காக என்றால் விலக்குக் கேட்க இடமுண்டு. ஆனால் ஐ-601ஏ அதை மன்னிக்காது, தனி மனு, தனிக் காத்திருப்பு. 2017 பிப்ரவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஜான் கெல்லி இட்ட உத்தரவு, இப்படிப் பணம் கொடுக்கும் பெற்றோர் மீது வழக்குத் தொடரவும் வழிவிட்டது. படத்தில் கார்லிட்டோஸ் தான் சேர்த்துவைத்த காசைக் கொடுத்துத் தானே போகிறான், தாய்க்குத் தெரியாது. கோப்பில் அவள் பெயருக்குக் களங்கம் வராத ஒரே வழி அதுதான்.

அவன் எல் பாசோவில் கடக்கும் முறை, வண்டியின் பின் இருக்கைக்கு அடியில் ஒளித்து, படத்தில் விறுவிறுப்பாக வருகிறது. நிஜத்தில் பெரிய ஆபத்து சோதனைச் சாவடியில் இல்லை, அதற்குப் பிறகு வருகிறது. வண்டி பிடிபட்டு இழுத்துச் செல்லப்படும்போது உள்ளே குழந்தை இருப்பது யாருக்கும் தெரியாது. வெளியே 35 டிகிரி வெயில் என்றால் மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டிவிடும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். இருக்கைக்கு அடியில் காற்றோட்டமும் இல்லை, புகைபோக்கிக் குழாயில் கசிவிருந்தால் கார்பன் மோனாக்சைடு வேறு. படம் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எல்லைப் பாலத்தைத் தாண்டினால் தப்பித்தோம் என்பதும் சரியல்ல. எல்லையிலிருந்து பல பத்து மைல் உள்ளே நெடுஞ்சாலைகளில் நிரந்தரச் சோதனைச் சாவடிகள் உண்டு; எல் பாசோவிலிருந்து மேற்கே போகும் ஐ-10 சாலையில் லாஸ் குருஸெஸைத் தாண்டியதும் ஒன்று இருக்கிறது. எல் பாசோவிலிருந்து டூசான் சுமார் 500 கிலோமீட்டர், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ் ஏறக்குறைய 800. அந்தச் சாவடிகளில் ஒன்றில்கூட வண்டி நிற்காதது படம் எடுத்துக்கொண்ட சலுகை. கட்டுரையாளர் 'நம்ப முடியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டிய இடம் இது; அதை விட்டுவிட்டார்.

பையன் பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். 2007இல் தனியாக வந்த மெக்சிகோச் சிறுவனைத் தன் நாட்டுத் தூதரக அதிகாரியிடம் ஒப்படைத்து, பாலத்தின் மறுமுனையில் குழந்தைநல அமைப்பான 'டிஃப்' வசம் விட்டுவிடுவது வழக்கம். 2008 டிசம்பரில் வந்த ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம், மெக்சிகோ, கனடா பிள்ளைகளை 48 மணி நேரத்துக்குள் விசாரிக்கச் சொல்கிறது: கடத்தலுக்கு ஆளானவனா, திரும்பிப் போக அஞ்சுகிறானா, தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறானா. மூன்றிலும் சிக்கலில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடோர் பிள்ளைகளுக்கு விதி வேறு. அவர்களை 72 மணி நேரத்துக்குள் அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்தின் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அலுவலகம் உறவினரைத் தேடி ஒப்படைக்கும். தாயிடம் பேப்பர் இல்லை என்பது மட்டும் அப்போது மறுக்கக் காரணம் ஆகவில்லை. கார்லிட்டோஸ் ஹோண்டுராஸில் பிறந்திருந்தால், பிடிபட்ட பிறகு அரசே அவனைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கக்கூடும். மெக்சிகோவில் பிறந்ததால், பிடிபடாமல் இருந்தால்தான் சேர முடியும்.

இப்படி ஒப்படைக்கும்போது அப்போது கேட்டவை: பிள்ளையின் பிறப்புச் சான்று, தாயின் அடையாள அட்டை, முகவரிக்கு ஆதாரம், உறவுக்கு ஆதாரம், கைரேகை. பிறப்புச் சான்றில் உள்ள பெயரும் தாயின் அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் வாரக்கணக்கில் இழுத்தது. இரண்டு குடும்பப் பெயர் வைக்கும் மெக்சிகோ வழக்கத்தில் ஒன்று விடுபடுவது அடிக்கடி நடக்கிறது. 2018 ஏப்ரலில் இந்தத் தகவல்களைக் குடியேற்றக் காவல்துறையோடு பகிர ஒப்பந்தம் போட்டார்கள். பிள்ளையை வாங்க வந்தவர்களே கைதானார்கள். அதனால் பல தாய்மார் வரவே அஞ்சினார்கள், பிள்ளைகள் காப்பகங்களில் தேங்கினார்கள்.

படத்தில் ரொசாரியோ மகனோடு பேசும் ஞாயிறு காலை 10 மணித் தொலைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் அது முன்பணம் கட்டி வாங்கும் 5 டாலர் தொலைபேசி கார்டில் பேசிய பேச்சு. அட்டையில் அச்சிட்ட நிமிடங்கள் முழுதாகக் கிடைப்பது அரிது: இணைப்புக் கட்டணம், வாராந்திரப் பராமரிப்புக் கட்டணம், பொதுத்தொலைபேசியில் பேசினால் கூடுதல், நிமிடங்களை மேல்நோக்கி முழுமையாக்குவது என்று கழிந்துவிடும். 2008இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே இத்தகைய கார்டு வியாபாரிகள்மீது வழக்குப் போட்டது. பேச்சு பாதியில் அறுவதைப் பார்த்துக் கட்டுரையாளர் 'மிகை' என்கிறார். மிகையில்லை. சம்பளம் தராமல் ரொசாரியோவை வேலையைவிட்டு நீக்கும் இடத்தில், அவளால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் எழுதியதும் சரியல்ல. கலிபோர்னியாவில் 2002இலிருந்தே சட்டம் தெளிவு: செய்த வேலைக்குக் கூலி பெற குடியேற்ற நிலை தடையாகாது. தொழிலாளர் ஆணையரிடம் படிவம் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 2007இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.50 டாலர். பயம் காரணமாகப் பலர் போவதில்லை, அது வேறு விஷயம்.

கட்டுரையின் முடிவில் இந்தப் படத்தையும், 2018இல் அமெரிக்க எல்லையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்ததையும் ஒன்றாக வைத்து, 'அன்று நடந்ததே இன்றும்' என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது. படத்தின் பிரிவு, யாரும் பையனைத் தாயின் கையிலிருந்து பிடுங்காமல், தடைகளின் கூட்டுக்கணக்கால் நேர்ந்தது. அதற்கு அக்காலத்திய நிகழ்வு ஒன்றைத் தேடினால், 2007 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபர்டில் தோல்பொருள் ஆலை ஒன்றில் நடந்த சோதனையைச் சொல்லலாம். 361 பேர் கைதானார்கள், பெரும்பாலோர் பெண்கள். பலரை விமானத்தில் டெக்சாஸ் காவல் மையங்களுக்குக் கொண்டுபோனபோது பள்ளியிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவர வீட்டில் ஆளில்லை.

2018 வேறு வகை. அந்த ஏப்ரல் 6 அன்று அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் செஷன்ஸ் அறிவித்த 'சகிப்பற்ற' கொள்கைப்படி, அனுமதியின்றி நுழைந்த எல்லார்மீதும் குற்றவழக்கு. முதல்முறை நுழைவுக்கு அதிகபட்சத் தண்டனை 6 மாதம். பெரும்பாலும் காவலில் இருந்த சில நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள். ஆனால் பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனதும் பிள்ளை 'துணையின்றி வந்தவர்' என்று மறுபெயர் பெற்று வேறொரு துறையின் காப்பகத்துக்கு, பல நேரம் வேறு மாநிலத்துக்கே, போய்விட்டது. சில மணி நேரத்தில் திரும்பிய தாய்க்கும் பிள்ளை அங்கில்லை. தாய்க்கு ஓர் எண், பிள்ளைக்கு ஓர் எண். இரண்டையும் இணைக்கும் பொதுக் கணினிப் பதிவு இரு துறைக்கும் இடையில் இல்லை. ஜூன் 20 அன்று பிரிப்பை நிறுத்த ஆணை வந்தது. ஜூன் 26 அன்று சான் டியாகோ நீதிபதி டேனா சப்ரா, 5 வயதுக்குட்பட்டவர்களை 14 நாளில், மற்றவர்களை 30 நாளில் சேர்க்கவும், 10 நாளுக்குள் பெற்றோரைப் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசவைக்கவும் உத்தரவிட்டபோது, யார் பிள்ளை யாருடையது என்று கையால் கோப்புகளைப் புரட்டி, மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருந்தது. அதற்குள் நாடு கடத்தப்பட்டுவிட்ட பெற்றோரைத் தேட ஆண்டுகள் ஆயின.

எனவே அடுத்த இதழில் இரண்டு திருத்தங்கள் வெளியிடக் கோருகிறோம். ரொசாரியோ ஊருக்குப் போகாததற்குக் காரணம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10 ஆண்டுத் தடை என்று ஒரு வரி சேர்க்கவும். 2018 நிகழ்வுக்குக் கட்டுரையில் 'தாய்மார் நாடு கடத்தப்பட்டதால் பிரிந்தார்கள்' என்று இருப்பதை, 'குற்றவழக்குக்காகப் பிரிக்கப்பட்டார்கள்' என்று மாற்றவும். நாடுகடத்தல் பலருக்கு அதன்பின் நடந்தது.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்கள்